மருத்துவமனையில் குழந்தை

நோய் உடலை மட்டும் பற்றுவதன்று. வயது வந்த ஒருவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், தாம் எதற்காக அங்கு வந்திருக்கிறோம், எப்போது வீடு திரும்புவோம் என்பதை ஓரளவேனும் அறிந்திருக்கிறார். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த அறிவு இல்லை. அது அறிந்த உலகம் ஒரு சிறு அறையும், ஒரு பாயும், தாயின் முந்தானையுமே. அந்த உலகம் ஒரே நாளில் மறைந்து, முகமறியாதவர்களும் இரும்புக் கட்டில்களும் மருந்து நெடியும் இரவெல்லாம் அணையாத விளக்குகளும் கொண்ட வேறோர் உலகம் அதனைச் சூழ்ந்துகொள்கிறது. நோயின் துன்பத்தோடு இந்த மாறுதலின் துன்பமும் சேர்ந்தே அதனை வாட்டுகிறது. முதல் துன்பத்தை நீக்குவது டாக்டரின் பணி. இரண்டாவதைக் குறைப்பதில் பெற்றோருக்கே பெரும்பங்கு உண்டு. அப்பங்கை அவர்கள் எவ்வாறு ஆற்றலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மான்குர்த்தும் மருத்துவமனைகளும்

மும்பையின் கிழக்குக் கோடியில், வாஷிக் கழிமுகத்தை ஒட்டி அமைந்தது மான்குர்த். இதனையும் இதன் அண்டைப் பகுதியாகிய டிராம்பேயையும் தமிழர் பலர் தம் ஊராகக் கொண்டுள்ளனர். 1976இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கு வாழ்ந்தவர்கள் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப்பில் இன்றும் தமிழ் ஒலிக்காத தெரு அரிது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் மக்களும் பேரர்களும் இங்கு வாழ்கின்றனர்.

இப்பகுதியில் ஒரு குழந்தை கடும் நோயுற்றால், குடும்பத்தார் ஹார்பர் ரயில் பாதையிலேயே பெரும்பாலும் புறப்படுகின்றனர். அடுத்த நிலையமான கோவண்டியில் மாநகராட்சியின் சதாப்தி மருத்துவமனை உள்ளது. நோய் முற்றியதாயின் சயானிலுள்ள லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். பரேலில் 1929 முதல் குழந்தைகளுக்கென்றே இயங்கிவரும் பாயி ஜெர்பாயி வாடியா மருத்துவமனையும், 1941இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. தூரம் அதிகமன்று, எனினும் நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு அது நெடும் பயணமே. தந்தை ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய ஊதியம் இல்லை. தாய் மருத்துவமனையில் தங்கினால் வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளைப் பார்ப்பார் இல்லை. வார்டில் பேசப்படும் மராத்தியும் இந்தியும் ஊரிலிருந்து அண்மையில் வந்த தாய்க்குப் பிடிபடுவதில்லை. இவை அனைத்தும் சேர்ந்ததே குழந்தையின் மருத்துவமனை வாசம்.

ஒரு திரைப்படம் செய்த புரட்சி

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில், உள்நோயாளியான குழந்தையைப் பெற்றோர் வாரத்திற்கு ஓரிரு முறை, சில மணி நேரமே காண அனுமதிக்கப்பட்டனர். பெற்றோர் வந்து சென்றால் குழந்தை அழுகிறது. வராவிடில் அமைதியாக இருக்கிறது. ஆகவே வராதிருப்பதே நலம் என்பது அக்கால டாக்டர்களின் வாதம். லண்டனில் ஜான் பௌல்பி என்னும் மனநோய் மருத்துவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் இந்த ‘அமைதி’யை உற்றுநோக்கினார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நாள்தோறும் படம் பிடித்து, 1952இல் டாக்டர்களின் சபையில் திரையிட்டார். அதனைக் கண்டு வெகுண்டெழுந்தவர் பலர். ஆயினும் படம் காட்டியதை எவராலும் மறைக்க இயலவில்லை.

தாயைப் பிரிந்த குழந்தை மூன்று படிகளைக் கடக்கிறது என்று ராபர்ட்ஸன் கூறினார். முதற்படி எதிர்ப்பு: குழந்தை கதறி அழுது தாயைத் தேடுகிறது. இரண்டாம் படி நம்பிக்கை இழத்தல்: அழுகை ஓய்ந்து, உணவில் நாட்டமின்றி ஒடுங்கிக் கிடக்கிறது. மூன்றாம் படி ஒட்டுறவின்மை: எவர் எடுத்தாலும் போகிறது, சிரிக்கவும் செய்கிறது, ஆனால் தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த இரண்டாம் மூன்றாம் படிகளையே முன்னோர் ‘குழந்தை பழகிவிட்டது’ என்று தவறாகக் கொண்டனர். அழுகிற குழந்தையைவிட அழாத குழந்தையைப் பற்றியே நாம் அதிகக் கவலை கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

ஸர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த பிரிட்டிஷ் கமிட்டி 1959இல், பெற்றோர் எந்நேரமும் குழந்தையைக் காண அனுமதிக்க வேண்டுமென்றும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் தாய் தங்க வசதி செய்ய வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை பிற நாடுகளிலும் மெல்ல மெல்ல வேரூன்றியது.

நம் நாட்டு வழக்கம்

இதனைப் படிக்கும் தமிழ்த் தாய், ‘பிள்ளையை விட்டுவிட்டு எவளாவது வீட்டுக்குப் போவாளா?’ என்று வியக்கக்கூடும். நம் நாட்டுப் பொது மருத்துவமனைகளில் குழந்தையின் கட்டிலருகே தாயோ பாட்டியோ இருப்பது நெடுங்கால வழக்கம். மேலை நாட்டினர் ஆராய்ந்து கண்டதை நாம் ஆராயாமலே கைக்கொண்டிருந்தோம் எனலாம்.

ஆயினும் இதில் பெருமை கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், தொற்று நோய்க்கு அஞ்சி, தாயை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதே நம் நாட்டிலும் வழக்கமாயிருந்தது. சயான் மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகள் பிரிவை நடத்திய டாக்டர் அர்மீடா பெர்னாண்டஸ், தாய்மாரைச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்ததோடு, 1989இல் தாய்ப்பால் வங்கி ஒன்றையும் நிறுவினார். ஆசியாவில் முதன்முதல் தோன்றிய தாய்ப்பால் வங்கி அதுவே. 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம், பிறந்த குழந்தையின் பராமரிப்பில் பெற்றோரைப் பயிற்றுவித்துப் பங்கேற்கச் செய்வதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இம்மாறுதல் வெறும் பரிவின் பாற்பட்டதன்று என்பதற்கு ஓர் ஆய்வு சான்று பகர்கிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், எடை மிகக் குறைந்து பிறந்த 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடைபெற்ற இவ்வாய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. பிறந்தவுடனேயே தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவர் 100க்கு 12 பேர். உடல்நிலை சீரான பின்னரே அவ்வாறு அணைக்கப்பட்டவர்களில் இறந்தவர் ஏறக்குறைய 16 பேர். தாயின் அண்மை ஆறுதல் மட்டுமன்று, சிகிச்சையும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

உடனிருத்தல் மட்டும் போதுமா?

தாய் அருகில் இருந்தும், நடப்பது இன்னதென்று அவளுக்கு விளங்காவிடில், அவளுடைய அச்சம் குழந்தையையும் தொற்றிக்கொள்ளும். இதனை நான் நேரில் கண்டேன். மொழிபெயர்ப்பு என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், மான்குர்த்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு டாக்டர் கூறுவதை எடுத்துச் சொல்லும்படி, எனக்குத் தெரிந்தவர் ஒருவர் என்னை மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். நான்கு வயது மகனுக்குக் கடுங்காய்ச்சலும் வலிப்பும் கண்டிருந்தன. மூளைக்காய்ச்சலோ என்று அறிய முதுகிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டுமென்று டாக்டர் கூறினார். தாய் கையெழுத்திட மறுத்துவிட்டார். ஒரு மணி நேரத்திற்கு மேல் கடந்திருந்தது.

“அண்ணாச்சி, முதுவுல தண்ணி எடுத்தா காலு வெளங்காமப் போயிரும்னு எல்லாரும் சொல்லுதாவ. இந்தக் காயிதத்துல கைநாட்டு வச்சா அதுக்கு நாந்தானே பொறுப்பு?” என்று அவர் என்னைக் கேட்டார்.

அவருடைய அச்சத்தை டாக்டரிடம் சொன்னேன். அதுவரை எவரும் அதனை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் ஒரு காகிதத்தில் முதுகெலும்பை வரைந்து காட்டினார். நரம்புத் தண்டு இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்தப்படுவதோ அதற்குக் கீழே. ஆகவே தண்டில் ஊசி படுவதற்கில்லை. எடுக்கப்படும் நீர் சில துளிகளே. அந்நீர் உடலில் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. மூளைக்காய்ச்சலாயின் ஒவ்வொரு மணி நேரமும் அரியது. இவற்றைத் தமிழில் கூறியவுடன் தாய் ஒப்புதல் அளித்தார். அதற்குத் தேவைப்பட்டது பத்து நிமிடமே.

அதே நாளில் நான் ஒரு தவறும் செய்தேன். சோதனை அறைக்குள் எடுத்துச் செல்லப்படுகையில் சிறுவன் என் கையைப் பற்றி, “வலிக்குமா மாமா?” என்று கேட்டான். “வலிக்கவே வலிக்காது” என்றேன். வெளியே வந்தபின் அவன் என்னைப் பார்க்க மறுத்துவிட்டான். மறுநாள் இரத்தம் எடுக்க வந்த நர்ஸ் உண்மையாகவே ‘சிறிதுதான் வலிக்கும்’ என்றபோதும் அவன் நம்பவில்லை. ஒரு பொய்யின் விலையை அடுத்து வருபவர் கொடுக்க வேண்டியதாயிற்று. சிறுவன் பின்னர் நலமடைந்து வீடு திரும்பினான்.

வயதுக்கேற்ற அச்சங்கள்

எல்லாக் குழந்தைகளும் ஒரே காரணத்திற்காக அஞ்சுவதில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் முதல் மூன்று அல்லது நான்கு வயது வரை, தாயைப் பிரிவதே பேரச்சம். இவ்வயதில் விளக்கங்களால் பயனில்லை. தாயின் மடியும் குரலும் மணமுமே மருந்து. தாய் உணவு உண்ணவோ குளிக்கவோ செல்லும்போது, குழந்தை வேறுபுறம் பார்க்கையில் நழுவிச் செல்வது நம்மவர் வழக்கம். இது தவறு. கண் விழித்துத் தாயைக் காணாத குழந்தை, அடுத்த முறை கண்ணயரவே அஞ்சும். அழுதாலும் பாதகமில்லை; ‘போய்வருகிறேன்’ என்று சொல்லிச் செல்வதும், சொன்னபடி வருவதுமே நன்று. தன் துண்டையோ சேலையையோ குழந்தையிடம் விட்டுச் செல்லலாம்.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை, தன் குற்றத்தாலேயே நோய் வந்தது என்று எண்ணும் இயல்புடையது. ‘சொன்ன பேச்சைக் கேட்காமல் மழையில் ஆடினாயல்லவா?’ என்பன போன்ற சொற்கள் அவ்வெண்ணத்தை வலுப்படுத்தும். ‘அழுதால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்னும் மிரட்டலை நம் வீடுகள் அனைத்திலும் கேட்கலாம். சிகிச்சையைத் தண்டனையாக்கும் இவ்வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும்.

பள்ளிப் பருவத்தினர் தம் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அறிய விரும்புகின்றனர். அவர்களுக்குப் படம் வரைந்து காட்டலாம். பதின்மூன்று வயதைக் கடந்தவர்கள் கூச்சமுடையவர்கள். பரிசோதனையின்போது திரையிடுவதையும், தம்மிடமே நேரில் கேட்டு விளக்குவதையும் எதிர்பார்க்கின்றனர். அவர்கள் எதிரிலேயே அவர்களைப் பற்றிப் பிறரிடம் பேசுவது முறையன்று.

புறப்படுமுன்

நாள் குறித்துச் செய்யப்படும் சிகிச்சையாயின், சிறு குழந்தைக்கு ஓரிரு நாட்களுக்கு முன்னும், பெரிய குழந்தைக்கு ஒரு வாரத்திற்கு முன்னும் செய்தியைச் சொல்லலாம். எளிய சொற்களே போதும்: ‘உன் வயிற்று நோயைச் சரிசெய்ய டாக்டர் வீட்டுக்குப் போகிறோம், அங்கே சில நாள் தூங்குவோம், அம்மா உன்னோடு இருப்பேன், பிறகு வீட்டுக்கு வருவோம்.’ பொம்மைக்கோ மரப்பாச்சிக்கோ கட்டுப்போட்டும் ஊசி போட்டும் விளையாடச் செய்தால், குழந்தை தன் அச்சத்தைத் தானே கையாளக் கற்கும். குழந்தை அன்றாடம் போர்த்திக்கொள்ளும் துணி, பால் அருந்தும் தம்ளர், விருப்பமான விளையாட்டுப் பொருள் ஒன்று ஆகியவற்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும். பழைய சிகிச்சைச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை, உண்டுவரும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே பையில் வைத்தல் நலம். குழந்தை தமிழில் பசி, தாகம், சிறுநீர், வலி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை ஒரு தாளில் எழுதி, அவற்றின் இந்தி அல்லது மராத்திப் பொருளையும் குறித்து நர்ஸிடம் கொடுத்தால், தாய் இல்லாத வேளையிலும் அதன் தேவை நிறைவேறும்.

ஊசியின் வேளை

ஊசி போடும்போது குழந்தையைப் படுக்க வைத்துப் பலர் அழுத்திப் பிடிப்பது அச்சத்தை மிகுவிக்கும். தாயின் மடியில் நிமிர்ந்து அமரச்செய்து அணைத்துக்கொள்வதையும், கைக்குழந்தையாயின் ஊசியின்போதே தாய்ப்பால் ஊட்டுவதையும், தடுப்பூசி வலியைக் குறைக்கும் வழிகளாக உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. ‘வலிக்காது’ என்று பொய்யாகத் தேற்றுவதை அந்நிறுவனமும் ஏற்பதில்லை. ‘எறும்பு கடித்தாற்போல் இருக்கும், ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அழ வேண்டுமானால் அழலாம், கையை மட்டும் அசைக்காதே’ என்று கூறுவது பொருத்தம். பாட்டும் கதையும் ஊதிப் பறக்கவிடும் சோப்புக் குமிழியும் சிறு குழந்தையின் கவனத்தைத் திருப்ப வல்லவை. சிகிச்சை முடிந்தபின் அதன் துணிவைப் பாராட்டத் தவறலாகாது.

தனி வார்டில்

2022ஆம் ஆண்டின் இறுதியில் கோவண்டியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தட்டம்மை பரவி, குழந்தைகள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். தட்டம்மை காற்றின் வழியே பரவுவது. தடிப்புத் தோன்றிய நான்கு நாட்கள் வரை நோயாளியைத் தனியே வைத்தல் அவசியம். அம்மையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லலாகாது என்னும் பழைய எண்ணமும், குழந்தையைத் தனியே அடைத்துவிடுவார்கள் என்னும் அச்சமும் சேர்ந்து சில குடும்பங்களைத் தயங்க வைப்பதுண்டு. தனிமைப்படுத்துதல் மற்றக் குழந்தைகளிடமிருந்தேயன்றி, தாயிடமிருந்து அன்று. முன்பே அம்மை கண்டவரோ, தடுப்பூசி பெற்றவரோ உடன் தங்குவது குறித்து டாக்டரிடம் கேட்டறியலாம். வேப்பிலையைத் தலைமாட்டில் வைப்பதால் தீங்கில்லை. வைட்டமின் ‘ஏ’ மருந்தையும் டாக்டரின் கண்காணிப்பையும் தவிர்ப்பதே தீங்கு. ஒன்பது மாதம் நிறைந்தவுடனும், பதினாறு மாதத்திற்குப் பின்னும் தடுப்பூசி போட்டுவிட்டால் பெரும்பாலும் இவ்வார்டுக்கே செல்ல நேராது.

குடும்பத்தின் சுமை

குழந்தையைத் தாங்குபவரைத் தாங்குவார் யார் என்பது அடுத்த வினா. மான்குர்த்தை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் இதற்கு விடை காண முயன்ற முன்னோடி. 1936இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், மறு ஆண்டே நாட்டின் முதல் குழந்தை வழிகாட்டு நிலையத்தை நிறுவியது. 1946இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். இன்று மும்பையின் பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய பணியாளர்கள் உள்ளனர். சிகிச்சைச் செலவுக்கான அரசுத் திட்டங்கள், அறநிலையங்களின் உதவி, தங்குமிடம் ஆகியவற்றிற்கு வழிகாட்டுவது அவர்கள் கடமை. கடன் வாங்கப் புறப்படுமுன் அவர்களை அணுக வேண்டும் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் தம் படுக்கைகளில் 100க்கு 10ஐ வறியோர்க்கு இலவசமாகவும், மேலும் 10ஐ நலிந்த பிரிவினர்க்குக் குறைந்த கட்டணத்திலும் ஒதுக்கக் கடமைப்பட்டவை என்பதும் பலர் அறியாதது.

மாதக்கணக்கில் நீளும் புற்றுநோய்ச் சிகிச்சையில், வெளியூர்க் குடும்பங்கள் தங்க இடமின்றிச் சிகிச்சையை இடையில் கைவிட்டு ஊர் திரும்புவதுண்டு. குணமாகக்கூடிய நோய் இதனாலேயே குணமாகாமற் போகிறது. இக்குறையைப் போக்க, 2006இல் மும்பையில் செயின்ட் ஜூட் இல்லங்கள் தோன்றின. சிகிச்சை பெறும் குழந்தையும் பெற்றோரும் இங்குக் கட்டணமின்றித் தங்கலாம். தாய் தன் கையாலேயே சமைத்துக் கொடுக்கிறாள். குழந்தை பாடமும் படிக்கிறது. சோறும் ரசமும் வீட்டு மணத்தோடு கிடைப்பது எத்துணைப் பெரிய மருந்து என்பதை அனுபவித்தவரே அறிவர்.

வீட்டில் விடப்பட்ட மற்றக் குழந்தைகளையும் நினைத்தல் வேண்டும். தம்பியிடம் சண்டையிட்ட அண்ணன், தன்னால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்று மனத்துள் வெதும்புவதுண்டு. அவர்களுக்கும் உண்மையைச் சொல்லி, இயன்றால் அழைத்துச் சென்று காட்டுவதோ, தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசச் செய்வதோ நன்று. அத்தை, சித்தி, பக்கத்து வீட்டார் ஆகியோர் கூடையில் பழம் கொண்டு வருவதைவிட, ஒரு நாள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுவதும், ஓர் இரவு தாய்க்குப் பதிலாகக் கட்டிலருகே அமர்வதும் மேலான உதவியாகும். உறங்காத தாயின் பொறுமை குறையும். அதன் பயனைக் குழந்தையே அனுபவிக்க நேரும்.

வீடு திரும்பிய பின்

வீடு திரும்பியதும் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. நன்றாகப் பழகிய குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கும்; இரவில் அலறி எழும்; தாயை ஓர் அடியும் நகரவிடாது; சிறு செயலுக்கும் சினங்கொள்ளும். இவை பிடிவாதம் அன்று. பட்ட அச்சத்தின் எச்சமே. அடிப்பதும் ஏளனம் செய்வதும் இதனை நீடிக்கச் செய்யும். அன்றாட ஒழுங்கை மெல்ல மீட்டு, அணைப்பைச் சற்று மிகுவித்தால், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் தெரிவித்தல் வேண்டும். பள்ளிக் குழந்தையாயின் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, விடுபட்ட பாடங்களைச் சிறிது சிறிதாகக் கற்பிக்கச் செய்யலாம்.

மருந்தும் கருவியும் நாளுக்கு நாள் வளர்ந்து வருகின்றன. முந்தைய தலைமுறையில் பிழைத்திருக்க முடியாத குழந்தைகள் இன்று பிழைத்து எழுகின்றனர். அவ்வாறு பிழைத்த குழந்தை, மருத்துவமனையை அச்சத்தின் இருப்பிடமாக நினைவில் கொள்வதா, நோய் தீர்த்த இடமாக நினைவில் கொள்வதா என்பதை முடிவு செய்பவை விலையுயர்ந்த சாதனங்கள் அல்ல. சொன்ன நேரத்தில் திரும்பிவந்த தாயும், உண்மை சொன்ன நர்ஸும், தாய்மொழியில் பத்து நிமிடம் விளக்கிச் சொல்ல முன்வந்த ஒருவருமே அதனை முடிவு செய்கின்றனர். இவற்றிற்குச் செலவு ஏதும் இல்லை. மான்குர்த்தில் மராத்தியும் இந்தியும் அறிந்த தமிழர் எண்ணற்றவர். அண்டை வீட்டுக் குழந்தை மருத்துவமனையில் இருக்கிறதென்று கேள்வியுற்றால், ஒரு மாலைப்பொழுது அங்குச் சென்று, டாக்டர் கூறுவதைத் தாய்க்கும், தாய் அஞ்சுவதை டாக்டருக்கும் எடுத்துச் சொல்வது அவர்களுக்கு அரிதன்று.